தப்பிய விபத்துகள்: வரைபடத்திலிருந்து கோப்புக்கு வரும் வழியில் என்ன தொலைகிறது?

காவிரி டெல்டாவில் சாலை எச்சரிக்கைகள் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் பரவும். "அந்த மதகுப் பாலத்துல ராத்திரி பாத்துப் போங்க", "கொள்முதல் நிலையத்துக்கிட்ட லாரி குறுக்கால நிக்கும்" என்று டீக்கடையில் சொல்வதோடு முடிந்துவிடும். இப்போது அதே எச்சரிக்கையைச் செல்போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்துவிடலாம். அதற்கு இலவசக் கருவிகளே போதும். தொல்லை தொடங்குவது, சேர்ந்த புள்ளிகளைக் கோப்பாக வெளியே எடுத்து நெடுஞ்சாலைத் துறையிடமோ, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடமோ கொடுக்கப் போகும்போதுதான். திரையில் ஒழுங்காக இருந்த புள்ளி, கோப்பில் வேறு இடத்தில், வேறு நேரத்தில், படிக்க முடியாத எழுத்தில் வந்து நிற்கிறது.

இதைக் கணினிக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. இப்படிக் கோப்பாக வெளியே எடுப்பதை, அதாவது எக்ஸ்போர்ட்டை, நகல் எடுப்பது போல நினைக்கிறோம். உண்மையில் எதை அனுப்புவது, எதை விடுவது, எந்த அளவுக்குத் துல்லியமாக அனுப்புவது என்ற பல முடிவுகள் அந்த ஒரு பட்டனுக்குள் இருக்கின்றன. நாம் முடிவெடுக்காவிட்டால் கருவியே எடுத்துவிடும்.

எது தப்பிய விபத்து?

இரண்டு வாகனங்களோ, ஒரு வாகனமும் ஒரு ஆளோ, இப்படியே போனால் மோதல் நிச்சயம் என்ற நிலைக்கு வந்து, ஒருவர் பிரேக் அடித்ததாலோ ஒதுங்கியதாலோ மோதல் நடக்காமல் போவதுதான் தப்பிய விபத்து. பேச்சில் "ஜஸ்ட் மிஸ்" என்கிறோம். யாராவது கீழே விழுந்துவிட்டால், எதிரே வந்த வண்டி தொடாவிட்டாலும், அது விபத்துதான்; இந்தக் கணக்கில் சேராது. சாலையில் பள்ளம் இருப்பதும் தப்பிய விபத்து அல்ல, அது ஆபத்தான இடம். விபத்து, தப்பிய விபத்து, ஆபத்தான இடம் ஆகிய மூன்றையும் ஒரே நிறப் புள்ளியாக வைக்கிற வரைபடத்தை எக்ஸ்போர்ட் செய்து பயனில்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் தொடங்கிய பைக்மேப்ஸ் என்ற சைக்கிள் ஓட்டிகளுக்கான வரைபடம் இவற்றை ஆரம்பத்திலேயே தனித்தனி வகையாகப் பிரித்து வாங்குகிறது.

பொறியாளர்களிடம் இதற்கு அளவுகோலே உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் சந்திப்புகளில் நின்று இப்படிப்பட்ட மோதல் நிலைகளை எண்ணத் தொடங்கினார்கள். பிறகு ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹிடேன் அதை முறையான நுட்பமாக வளர்த்தார். மோதலுக்கு எத்தனை விநாடி மிச்சம் இருந்தது என்பதே இதில் அடிப்படைக் கேள்வி. 1.5 விநாடிக்குக் கீழே போனால் கடுமையானது என்பது பரவலாகப் புழங்கும் எல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருபவருக்கு 1.5 விநாடி என்றால் 25 மீட்டர்தான். பொதுமக்கள் வைக்கும் புள்ளியில் இந்த விநாடிக் கணக்கு இருக்காது, நெஞ்சு படபடத்த கணக்குதான் இருக்கும். அதனால் அது பயனற்றதாகிவிடாது. ஆனால் அளந்த எண்ணும் உணர்ந்த எண்ணும் ஒன்றல்ல என்பது கோப்பைப் பெறுபவருக்குத் தெரிய வேண்டும்.

அரசுக் கணக்கில் இது ஏன் இல்லை?

ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்து, தேசிய தகவலியல் மையம் நடத்தும் ஐராட் என்ற சாலை விபத்துத் தரவுத்தளத்தில் விபத்து நடந்த பின் காவலர்தான் பதிவு செய்கிறார். மோதலே நடக்காதபோது பதிவு செய்ய எதுவுமில்லை. தேசிய நெடுஞ்சாலைகளில் "கரும்புள்ளி" என்று ஒரு இடத்தை அறிவிக்க, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும், அல்லது 10 பேர் இறந்திருக்க வேண்டும்.

அதாவது அந்தப் பட்டியல் எண்ணுவது நடந்து முடிந்ததை. 2022இல் நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில், 64,105 சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இறந்தவர்கள் 17,884 பேர். எண்ணுவதற்கு அங்கே குறைவில்லை. ஆனால் வண்டி நடமாட்டம் குறைந்த ஒரு வாய்க்கால் கரைச் சாலை, எவ்வளவு மோசமாக இருந்தாலும், மூன்று ஆண்டில் 5 என்ற வாசலைத் தொடுவது அரிது. அந்த மாதிரிச் சாலைகளுக்காகத்தான் தப்பிய விபத்துத் தரவு தேவைப்படுகிறது. தேசிய நெடுஞ்சாலை 36க்கோ 83க்கோ அதைவிட வலுவான ஆதாரம் காவல்துறையிடமே இருக்கிறது.

ஒரு புள்ளிக்குள் என்ன இருக்கிறது?

மூன்று அடுக்குகள். முதலாவது இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள். இரண்டாவது விவரம்: தேதி, நேரம், வாகன வகைகள், போன திசை, குறிப்பு, படம். மூன்றாவது, பலரும் மறந்துவிடுவது, விவரத்தின் விவரம்: புள்ளியை யார் வைத்தார், சம்பவ இடத்திலேயே வைத்தாரா அல்லது வீட்டுக்கு வந்து விரலால் தொட்டு வைத்தாரா, ஜிபிஎஸ் அப்போது எத்தனை மீட்டர் பிழை காட்டியது.

கோப்பு வகைகள் பல. சிஎஸ்வி என்பது வெறும் அட்டவணை, எக்செலில் திறக்கும். கேஎம்எல் கூகுள் எர்த்தில் நேராகத் திறக்கும், ஆனால் விவரங்களை ஒரே பத்தியாகக் குவித்துவிடும் வாய்ப்பு அதிகம். ஜியோஜேசனில் இடமும் விவரமும் சேர்ந்தே வரும், எழுத்துச் சிக்கலும் குறைவு. அரசு அலுவலகங்களில் இன்னும் கேட்கப்படுவது ஷேப்ஃபைல். பெயரில்தான் அது ஒரு கோப்பு. குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்த மூட்டை அது, ஒன்றை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பினால் திறக்காது. மூன்றாவது அடுக்கு பெரும்பாலான எக்ஸ்போர்ட்களில் வருவதே இல்லை. கருவியில் அதற்குத் தனி நெடுவரிசை அமைத்திருந்தால்தான் வரும்.

தவறுவது எங்கே?

1. இரண்டு எண்கள் இடம் மாறுவது. செல்போன் வரைபடத்தில் இடத்தை அழுத்தினால் அட்சரேகை முதலில் வரும்: தஞ்சாவூர் என்றால் 10.79, 79.14. ஜியோஜேசனிலும் கேஎம்எல்லிலும் தீர்க்கரேகைதான் முதலில். கையால் ஒட்டும்போது வரிசை மாறினால் தஞ்சாவூர்ப் புள்ளி, வடதுருவத்துக்குப் பக்கத்தில் நார்வேயின் ஸ்வால்பார் தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். (இந்தியாவின் ஹிமாத்ரி ஆர்க்டிக் ஆய்வு நிலையம் இருப்பதும் அந்தத் தீவுக்கூட்டத்தில்தான்.) இது நல்ல பிழை, பார்த்ததும் தெரிந்துவிடும். டெல்டாவில் எந்தப் புள்ளிக்கும் அட்சரேகை ஏறக்குறைய 10க்கும் 11.5க்கும் இடையில், தீர்க்கரேகை 78.5க்கும் 80க்கும் இடையில் இருக்க வேண்டும். எக்செலில் ஒரு வடிகட்டி போட்டால் தப்பானது தலைகாட்டும்.

2. நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போவது. இது கெட்ட பிழை, கண்ணில் படாது. பல கருவிகள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்கின்றன. மாலை 6:30க்கு, விளக்கு போடாத டிராக்டர் டிரெய்லரில் இடிக்கப் பார்த்த சம்பவம், கோப்பில் பகல் 1 மணி என்று வரும். "இங்கே தெருவிளக்கு வேண்டும்" என்று கேட்கும் மனுவோடு அந்தக் கோப்பைக் கொடுத்தால், பட்டப்பகலில் நடந்ததற்கு விளக்கு எதற்கு என்றுதான் பொறியாளர் கேட்பார். விடிகாலை 3 மணிச் சம்பவத்துக்குத் தேதியே முந்தைய நாளாகிவிடும். பால் வண்டி, மீன் வண்டி நடமாட்டமெல்லாம் முந்தைய இரவில் போய் ஒளிந்துகொள்ளும்.

3. நாளும் மாதமும் கலப்பது. 12/06 என்பது நமக்கு ஜூன் 12, மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். அமெரிக்க அமைப்பில் உள்ள எக்செலுக்கு அது டிசம்பர் 6. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எக்ஸ்போர்ட் செய்தால் இந்தக் குழப்பம் இல்லை. இதன் இன்னொரு முகம்: நெடுஞ்சாலைத் துறை இடத்தைக் குறிக்கும் "8/4" என்ற கிலோமீட்டர் கல் எண்ணை எக்செல் தானாகவே தேதியாக்கிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று அமைத்துவிட வேண்டும்.

4. தமிழ் சிதைவது. சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் எக்செல் திறக்கும்போது அது யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் குறியீட்டு முறை) என்று பல நேரம் தெரிந்துகொள்ளாது. தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்துகள் வரிசையாக வரும். தரவு கெடவில்லை, திறந்த விதம்தான் தவறு. "டேட்டா" பட்டியிலிருந்து இறக்கி யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே கேட்டுவிடும். வானவில் போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த குறிப்புகள் வேறு ரகம். அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல். பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

5. தலைப்பு வெட்டப்படுவது. ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்; கொம்பும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறிகள். "நேரம்" என்ற சின்னச் சொல்லுக்கே 15 பைட் தேவை. ஆகவே தலைப்பை ஆங்கிலச் சுருக்கமாக வைத்துவிட்டு, எந்தச் சுருக்கம் எதைக் குறிக்கிறது என்று தமிழில் ஒரு தாள் இணைப்பதே நடைமுறை. ஷேப்ஃபைலைக் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகையில் கொடுப்பது மேல்.

6. திரையில் தெரிவது மட்டும் வருவது. சில கருவிகளில் "தெரியும் தரவு", "முழுத் தரவு" என்று இரண்டு தேர்வு உண்டு. கும்பகோணத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாவதை அழுத்தினால் மன்னார்குடிப் புள்ளிகள் கோப்பில் இருக்காது. எந்த எச்சரிக்கையும் வராது. வரைபடத்தில் எத்தனை புள்ளி, கோப்பில் எத்தனை வரி என்று ஒப்பிடுவதைத் தவிர இதைப் பிடிக்க வேறு வழியில்லை.

வடகரையா, தென்கரையா?

டெல்டாவுக்கே உரிய சிக்கல் இது. வேறு ஊருக்கு எழுதிய வழிகாட்டிகளில் கிடைக்காது. காவிரி, குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு, வெட்டாறு எல்லாம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. பல இடங்களில் கரைதான் சாலை. வடகரையில் ஒன்று, தென்கரையில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பல இடங்களில் நூறு மீட்டர்கூட இருக்காது. வாய்க்கால்களாக இருந்தால் அதைவிடக் குறைவு.

அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் துல்லியம் ஒரு மீட்டர் அளவு, நான்கு இருந்தால் 11 மீட்டர், மூன்று இருந்தால் 111 மீட்டர். மூன்று இலக்கமாகச் சுருக்கும்போது புள்ளி வடக்கிலோ தெற்கிலோ 55 மீட்டர் வரை நகரலாம். ஆறு ஒட்டாத சாலையில் பக்கத்து வயலில் விழும், யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே அது ஆற்றைத் தாண்டிவிடும். வடகரைச் சாலையின் கைப்பிடிச் சுவர் இல்லாத பாலத்தில் நடந்தது, தென்கரையில் நல்ல தார்ச்சாலையில் நடந்ததாகக் கோப்பு சொல்லும். இரண்டு சாலைகளும் வேறு வேறு துறையிடம் இருந்தால் மனு போகும் அலுவலகமே தவறிவிடும். கரைச் சாலைகளில் நீர்வளத்துறையிடம் உள்ளவை உண்டு, நெடுஞ்சாலைத் துறையிடம் உள்ளவை உண்டு, ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் உண்டு.

இலக்கத்தைச் சுருக்காவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. திறந்த வானத்தில் செல்போன் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டருக்குள் காட்டும். புளியமரமும் தூங்குமூஞ்சி மரமும் கூடிய சாலையில் அந்தத் துல்லியம் கிடைக்காது, புள்ளி ஆற்றுக்குள் போய் நிற்கும். அதைப் பார்க்கும் கணினி நிரல், "கிட்டத்தில் உள்ள சாலையோடு சேர்" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, எதிர்க்கரையோடு சேர்த்தாலும் சேர்த்துவிடும்.

தீர்வு எளிது, ஆனால் எக்ஸ்போர்ட் செய்த பிறகு யோசித்தால் பலிக்காது. புள்ளி வைக்கும் படிவத்திலேயே "எந்தக் கரை" என்று ஒரு கேள்வி, "எங்கிருந்து எங்கே போனீர்கள்" என்று ஒரு கேள்வி. இரண்டுக்கும் சொல்லில் பதில் இருந்தால் எண் நகர்ந்தாலும் இடம் நகராது. என் பார்வையில், டெல்டாவில் ஐந்தாவது தசம இலக்கத்தைவிட "வடகரை" என்ற ஒற்றைச் சொல் மதிப்பு மிக்கது.

தூரம் கணக்கிடுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: 500 மீட்டருக்குள் உள்ள புள்ளிகளைக் கூட்டமாகச் சேர்க்க வேண்டுமானால், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் முதலில் பாகையிலிருந்து மீட்டருக்கு மாற்ற வேண்டும். டெல்டா முழுக்க, இடத்தை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்தில் அடங்கும், மென்பொருளில் அதன் குறியீடு 32644.

யாரைக் காட்டிக் கொடுக்கிறது கோப்பு?

புள்ளி வைத்தவரின் பெயரும் கைபேசி எண்ணும் தானாகவே எக்ஸ்போர்ட்டில் வந்துவிடும் கருவிகள் உண்டு. குறிப்புப் பகுதியில் வண்டி எண், ஓட்டுநரின் பெயர், சில நேரம் சாதி வசவு வரை எழுதப்படுகிறது. படங்களுக்குள் எடுத்த இடமும் நேரமும் மறைந்திருக்கும். பயணத் தடத்தையே பதிவு செய்யும் செயலி என்றால் தடத்தின் முதல் புள்ளி வீட்டு வாசல். தனிநபர் தரவுக்கு 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும், சின்ன ஊரில் "நேற்று ராத்திரி 11 மணிக்கு நம்ம தெரு முனையில் புள்ளி வைத்தது யார்" என்று கண்டுபிடிக்க யாருக்கும் கணினி தேவையில்லை.

ஆகவே இரண்டு கோப்பாக எடுப்பது நல்லது. துறைக்குக் கொடுப்பதில் முழுத் துல்லியமும் சரியான நேரமும் இருக்கும், ஆளை அடையாளம் காட்டும் நெடுவரிசைகள் இருக்காது. பொதுவில் வெளியிடுவதில் இடத்துக்குப் பதில் சாலைத் துண்டின் பெயரும் கரையும், நேரத்துக்குப் பதில் காலை, பகல், மாலை, இரவு என்ற பிரிவும் போதும். குறிப்புகளை ஒரு ஆள் உட்கார்ந்து படித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

இருபது புள்ளி விழுந்த இடம் ஐந்து புள்ளி விழுந்த இடத்தைவிட நான்கு மடங்கு ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. புள்ளி வைப்பவர் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர், கல்லூரிக்கோ அலுவலகத்துக்கோ தினமும் போகிறவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் லோடு ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகும் பெண்கள் புள்ளி வைப்பதில்லை. அவர்கள் போகும் சாலை வரைபடத்தில் சுத்தமாக, வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பாதுகாப்பு என்று படிப்பதுதான் இந்தத் தரவில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. கோப்போடு போகும் தாளில் இதை ஒரு வரியாவது எழுத வேண்டும்.

பருவமும் எண்ணிக்கையை ஆட்டிவைக்கும். குறுவை அறுவடை நேரத்திலும், தை, மாசியில் சம்பா அறுவடையிலும் சாலையின் பாதியில் நெல் காயும். ஓரத்தில் கல்லோ மரக்கட்டையோ வைத்து அடைத்திருப்பார்கள். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிக்கு ஒரே தடம். அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரிகளும் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர்களும் அதே வாரங்களில்தான் இறங்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதால் அதையொட்டிய நாட்களில் இரவெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் நடக்கும். ஆண்டு மொத்தம் என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால் இதெல்லாம் கரைந்துவிடும். மாதவாரியாகப் பிரித்துக் கொடுத்தால், நிரந்தர வேகத்தடை தேவைப்படும் இடமும், அறுவடை மாதங்களில் உலர்களமும் தற்காலிகத் தடுப்பும் போதுமான இடமும் தனித்தனியாகத் தெரியும்.

இன்னொரு பழைய கணக்கையும் இங்கே ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. 1931இல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹைன்ரிக், ஒரு பெருங்காயத்துக்குப் பின்னால் 29 சிறுகாயங்களும் காயமில்லாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று தொழிற்சாலைகளை வைத்து எழுதினார். பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் இது ஓடுகிறது. அந்த விகிதத்தைத் தொழிற்சாலைகளுக்கே இன்று பலர் ஏற்பதில்லை. 300 புள்ளி சேர்ந்துவிட்டது, அடுத்தது சாவுதான் என்று மனுவில் எழுதினால் மனுவின் நம்பகத்தன்மைதான் போகும்.

கொடுக்கும்போது

பொறியாளருக்கு அட்சரேகையைவிடக் கல் எண் பழக்கம். கிலோமீட்டர் கற்களுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் உண்டு. எட்டாவது கிலோமீட்டருக்குப் பின் 400 மீட்டர் என்றால் 8/4. எண் அழியாமல் கல் இருக்கும் சாலையில் அதையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்தால் கோப்பு மேசையில் தேங்காது, ஜீப்பில் ஏறி இடத்துக்கு வரும். சாலை எந்தத் துறையுடையது என்பதை இன்னொரு நெடுவரிசையில் போட்டு, துறைவாரியாகப் பிரித்தே கொடுக்க வேண்டும். நான்கு மாவட்டப் புள்ளிகளை ஒரே கோப்பில் போட்டு ஒரே ஆட்சியருக்கு அனுப்புவதால் ஆவது ஒன்றுமில்லை.

அனுப்புவதற்கு முன், எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதே கருவியில் அல்லாமல் வேறொன்றில் திறந்து, நன்றாகத் தெரிந்த நாலைந்து சம்பவங்களை எடுத்து இடம், நேரம், கரை மூன்றும் சரியா என்று பார்த்தால் மேலே சொன்ன பிழைகளில் பாதிக்கு மேல் சிக்கிவிடும். அனுப்பிய கோப்பைத் திருத்தாமல், தேதி போட்டுத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவரோ வளைவுக்கு ஒளிரும் பலகையோ வந்த பிறகு அதே நெடுவரிசைகளோடு, அதே நேர அமைப்பில், அதே மாதங்களுக்கு மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இடையில் படிவத்தை மாற்றியிருந்தால், எந்தத் தேதியில் எந்தக் கேள்வி சேர்ந்தது என்பதும் அந்த இணைப்புத் தாளில் இருக்க வேண்டும்.